ஜனவரி பூஜ்ஜியம்

பட்டியலில் விடுபட்டவர்களைப் பற்றி எழுதுவதற்கு எப்போதும் ஆள் உண்டு. பட்டியலைத் தட்டச்சு செய்தவளைப் பற்றி எழுதத்தான் ஒருவரும் இல்லை. ஆலங்கரை நகராட்சியின் ஆவணங்களைப் புரட்டினால் ஆணையர்கள் பதினெட்டுப் பேரின் பெயர் கிடைக்கும், அவர்கள் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும், அந்தக் கன்றுகளைத் தின்ற ஆட்டின் சொந்தக்காரருக்கு அனுப்பிய நோட்டீஸ்கூடக் கிடைக்கும். ஆனால், பிளீச்சிங் பவுடர் கிடங்கைப் பலகையால் மறித்து உண்டாக்கிய அறையில் ஒன்பது வருடம் உட்கார்ந்து, இருமியபடியே அந்த ஆவணங்கள் அத்தனையையும் அடித்துக்கொடுத்த மரகதவல்லியின் பெயர் எங்கும் கிடைக்காது. அவள் கணிதத்தில் முதுகலை படித்தவள். வெளிமுகமை ஒப்பந்தத்தில் வந்ததால் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வரி இல்லை, சுற்றறிக்கையில் அவளுக்குப் பிரதி இல்லை, நான்கு மணித் தேநீருக்கு எண்ணப்படும் தலைகளில் அவள் தலையும் இல்லை.

அந்த வருடம் தை மாதத்தில், தூய்மைப் பணியாளர்கள் முந்நூற்றுப் பதினேழு பேருடைய வயதையும் ஓய்வு பெறும் நாளையும் கணக்கிட்டு அனுப்பச் சொல்லி இயக்குநரகத்திலிருந்து உத்தரவு வந்தது. பிறந்த தேதியை ஒரு கட்டத்தில் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் சூத்திரம் வயதைச் சொல்லிவிடும், அரை நாள் வேலை என்றுதான் மரகதவல்லி நினைத்தாள். சூத்திரம் வயதைச் சொல்லவில்லை. பிழை, பிழை, பிழை என்று இருநூறு கட்டங்களுக்குச் சொன்னது. முன்னால் இருந்த எழுத்தர்கள் தேதிக்கு நடுவே புள்ளி வைத்திருந்தார்கள், புள்ளி வைத்த தேதியைக் கணினி தேதி என்று ஏற்காமல் வெறும் எழுத்தாகப் பாவித்தது. புள்ளிகளைக் கோடுகளாக மாற்றினாள். உடனே கணினி மாதத்தை முதலில் படிக்கத் தொடங்கி, ஆகஸ்டு மூன்றில் பிறந்தவனை மார்ச் எட்டில் பிறக்க வைத்தது. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டும், உலகத்தில் பதின்மூன்றாவது மாதம் இல்லாத காரணத்தால், கணினிக்குப் பிடிபடாமல் கட்டத்தின் இடது ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். பிழை என்று கத்துகிற கட்டத்தைத் திருத்திவிடலாம். பொய்யை மூச்சுவிடாமல் சொல்கிற கட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனியே பிரித்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, மறுபடி ஒட்டவைக்க அவளுக்கு நான்கு நாள் பிடித்தது.

ஐந்தாம் நாள் நாற்பத்தொரு பெண்கள் மிஞ்சினார்கள். அவர்களுடைய பிறந்த தேதிக் கட்டங்களில் எண்ணே இல்லை. 'மேற்படி' என்று இருந்தது. பதிவேடு எழுதிய ஏதோ ஒரு மகானுபாவர், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கை வலித்து, அலுவலக வழக்கப்படி 'மேற்படி' போட்டிருக்கிறார்; அதையே அடுத்து வந்தவர் கணினியிலும் போட்டிருக்கிறார். மரகதவல்லி பட்டியலைத் தூக்கிக்கொண்டு சுகாதார ஆய்வாளர் தனகோடியிடம் போனாள்.

"சார், இந்த நாப்பத்தொரு பேருக்கும் பிறந்த தேதி மேற்படின்னு இருக்கு."

"மேல என்ன இருக்கோ அதைப் போடும்மா."

"மேலேயும் மேற்படிதான் சார்."

"அதுக்கும் மேல?"

"உச்சியில பொன்னுத்தாய்னு ஒருத்தங்க. அவங்களுக்கு ஒண்ணுமே இல்லை. காலி."

"அப்புறம் என்ன, முடிஞ்சது. மேல இருக்கறதைப் பிடிச்சுக் கீழ இழுத்துவிடு. மவுசுல இழுத்தா வரும்ல?"

"காலியை இழுத்தா காலிதான் சார் வரும்."

"எம்.எஸ்சி. படிச்சேன் படிச்சேங்கிறே, இழுக்கத் தெரியலையா உனக்கு?"

இழுத்தாள். ஒவ்வொரு மேற்படியும் தனக்கு மேலிருந்த கட்டத்தைப் பார்த்தது, அது தனக்கு மேலிருந்ததைப் பார்த்தது, நாற்பது கட்டங்களும் ஒன்றின் தோளை ஒன்று பற்றி ஏறிப்போய்ப் பொன்னுத்தாயின் வெறுமையை எட்டின. வெறுமை என்றால் பூஜ்ஜியம் என்பது கணினியின் நம்பிக்கை, பூஜ்ஜியத்தைத் தேதியாக எழுது என்றால் அது தயங்காமல் எழுதும்: ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருடம், ஜனவரி மாதம், பூஜ்ஜியம் தேதி. நாற்பத்தொரு பெண்களுக்கும் நூற்று இருபத்தைந்து வயது என்றது சூத்திரம். பிழை என்ற சொல் தாளில் எங்கும் இல்லாததைக் கண்டு மகிழ்ந்த தனகோடி, "பார்த்தியா, வந்துருச்சு, சேமி" என்றார். அவள் சேமித்தாள்.

மறுநாள் ஜனவரி பூஜ்ஜியம் வந்தது.

அது புதன்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில், நெரிசல் பேருந்தில் இடம் பிடிக்கிறவளைப் போல இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. சூரியன் வழக்கமான இடத்தில் எழுந்தது, ஊர் எழவில்லை. ஆணையர் முதல் ஆட்டுக்கிடாய் வரை அவரவர் படுத்த இடத்தில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடக்க, வாசலில் பால் திரியாமல் நிற்க, பிறந்த தேதி இல்லாத நாற்பத்தொரு பெண்கள் மட்டும் ஐந்தரை மணிக்கு விழித்து, துடைப்பத்தோடு வந்து, வருகை எடுக்க மேஸ்திரியைக் காணாமல் நின்றார்கள். கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விழிப்புத் தட்டிய அந்த நாளில், கட்டமே இல்லாத மரகதவல்லிக்கும் விழிப்புத் தட்டியது. அவள் அலுவலகத்துக்கு வந்து கணினியின் மூலையில் தேதியைப் பார்த்தாள், இறங்கி வந்து பெண்களிடம் சொன்னாள். அவர்கள் வியப்படையவில்லை, வேலை நாளா, விடுமுறையா என்று மட்டும் கேட்டார்கள்.

"ரெண்டும் இல்லை. இப்படி ஒரு நாளே கிடையாது. வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றாள்.

பொன்னுத்தாய் நாற்பதைத் தாண்டியவள், நெடிய உருவம், பேசும்போது எதிராளியின் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்காதவள். "படுத்துட்டு நாளைக்கு எந்திரிச்சா இந்தக் குப்பை எங்கிட்டுப் போகும் தாயி? எங்க தலையிலதானே கிடக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். அந்தத் தவற்றைச் செய்யக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. வேறு யாராயிருந்தாலும் தூங்கியிருப்பார்கள்.

வியாழக்கிழமை கண்விழித்த ஆலங்கரை, தன் தெருக்கள் தாம்பாளம் போலத் துலங்குவதைக் கண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆச்சரியப்பட்டது, மதியத்துக்குள் பழகிக்கொண்டது. அந்தத் தாளைச் சேமிக்கும்போதெல்லாம் மறுநாளுக்கு முன்னால் ஒரு ஜனவரி பூஜ்ஜியம் வருகிறது என்பதைத் தனகோடி மூன்றாம் வாரத்தில் கண்டுபிடித்தார், வாரத்தின் மூன்று சந்தை நாட்களுக்கும் மறுநாள் ஒவ்வொரு முறை, அமாவாசைக்கு ஒருமுறை, அமைச்சர் வந்தால் இருமுறை என்று சேமிக்கச் சொல்லி உத்தரவிட்டார். ஊர் அதற்குச் 'சும்மா நாள்' என்று பெயர் சூட்டியது. இல்லத்தரசிகள் படுக்கப்போகும் முன் வாசற்கதவில் சீட்டு ஒட்டத் தொடங்கினார்கள்: முன்னால் உள்ள சாக்கடையையும் பார்க்கவும், தொட்டியில் பாசி இருக்கிறது, பழைய மெத்தை ஒன்று பின்கட்டில். கல்யாண மண்டபக்காரர், பந்தி இலை எடுக்க ஆள் வேண்டாம், சும்மா நாள் வந்துவிடும் என்று விளம்பரப் பலகையிலேயே எழுதிப்போட்டார். கோயில் கமிட்டி கூடி விவாதித்தது. அந்த நாளுக்குப் பஞ்சாங்கத்தில் திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, ஆகவே அன்று தீட்டும் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, மற்ற நாட்களில் கொடிமரத்தைத் தாண்ட அவர்கள் தயங்கும்படி வைத்திருந்த பெண்களை, அந்த ஒரு நாள் மட்டும் கருவறை வரை வந்து கழுவிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டது. நூலக வாசகர் வட்டம் மட்டும் இது அநியாயம் என்று கருதி, நாற்பத்தொரு பேருக்கும் பொன்னாடை போர்த்தும் விழா எடுத்தது; விழாவை ஞாயிற்றுக்கிழமை வைத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்களுக்கு அந்த மாதம் ஓய்வாகக் கிடைத்திருந்தது, விழா முடிந்தபின் நாற்காலிகளையும் அவர்களே அடுக்கினார்கள்.

ஊர் ஒன்றைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காமல் இருப்பதே வசதியாக இருந்தது. அந்த நாட்கள் நாட்காட்டியில் விழாவிட்டாலும் உடம்பில் விழுந்தன. ஒவ்வொரு சும்மா நாளுக்கும் ஒரு நாள் வயது கூடியது, அந்த நாற்பத்தொரு பேருக்கும் மரகதவல்லிக்கும் மட்டும். வெட்டிய நகம் நாட்காட்டியை முந்திக்கொண்டு வளர்ந்து நின்றது. பொன்னுத்தாயின் மகள் ஜெயராணி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். "ஏம்மா, போன வாரந்தானே சாயம் அடிச்சே, அதுக்குள்ள வேரெல்லாம் வெள்ளையா வந்துருச்சு?" என்று அவள் கேட்டபோது பொன்னுத்தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை.

மரகதவல்லி சொல்லத் தெரிந்தவள். அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. கட்டம் காலியாக இருந்தால் வயதுக் கட்டத்தையும் காலியாக விடு என்று சூத்திரத்தை மாற்றினாள். வயது மறைந்தது, பூஜ்ஜியம் அடியில் அப்படியே இருந்தது, நாளும் அப்படியே வந்தது. பிழையை மறைப்பதற்கு ஏழு சூத்திரங்கள் அவளுக்குத் தெரியும், பிழையைப் போக்குவதற்கு ஒன்றே ஒன்று வேண்டும்: பெண்களின் உண்மையான பிறந்த தேதி. வயதுச் சான்று கேட்டு மருத்துவ அலுவலருக்கு நான்கு கடிதம் அடித்தாள், நான்கும் தனகோடியின் கையொப்பத்துக்காக அவர் மேசையில் காத்திருந்து மஞ்சளாயின. கடைசியில் ஆணையரிடமே போனாள். அவர் மென்மையாகப் பேசுகிறவர்.

"இதுல தப்பு எங்கேம்மா இருக்கு? பாதிக்கப்பட்டவங்க யாராவது மனு கொடுத்திருக்காங்களா?"

"நானே கொடுக்கறேன் சார். நானும் பாதிக்கப்பட்டவதான்."

"கொடு, தாராளமா கொடு. என்னைக்குப் பாதிப்புன்னு தேதி போட்டுக் கொடு."

அவள் தேதி போட்டுத்தான் கொடுத்தாள். 'நாள்: 00-01-1900' என்ற மனு, 'தேதி ஏற்கத்தக்கதல்ல' என்ற சிவப்பு மைக் குறிப்போடு மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "நீ ஏன் இதைக் கிண்டறே? ஆதாரமில்லாம அந்தக் கட்டத்துல கைவெச்சே, அடுத்த ஒப்பந்தத்துல நீ இருக்க மாட்டே" என்றார் தனகோடி. அவளுக்கு அச்சமாக இருந்தது. ஒன்பது வருடத்தை விட்டுவிடுவது எளிதல்ல. அச்சத்தைவிட அதிகமாக எரிச்சல் இருந்தது, எரிச்சலை அவள் விசைப்பலகையில் காட்டியதில் அதன் இரண்டு எழுத்துகள் பெயர்ந்து விழுந்தன.

நூற்று அறுபத்திரண்டாவது சும்மா நாளில் பொன்னுத்தாய் முதன்முறையாகப் படியேறி அந்த அறைக்கு வந்தாள். மூன்றாவது படியில் ஒருமுறையும் ஏழாவது படியில் ஒருமுறையும் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தாள்.

"ஒண்ணு கேட்கணும் தாயி. அவ பத்தாவது முடிச்சு, ஒரு படிப்புப் படிச்சு, ஒரு வேலையில உட்கார்ற வரைக்கும் நான் இருக்கணும். அதுக்கு மேல ஒரு நாள் எனக்கு வேண்டாம். ஆனா அவளுக்கு ஒரு வருஷம் போறதுக்குள்ள எனக்கு ஒண்ணரை வருஷம் போகுது. இந்தக் கணக்குல நான் போய்ச் சேர மாட்டேன். நீ படிச்சவ, சொல்லு, போய்ச் சேருவேனா?"

மரகதவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை. "உங்களுக்குப் பிறந்த தேதி தெரியணும்க்கா. ஆதாரத்தோட."

"ஆதாரம்னா?"

"ஸ்கூல் சர்ட்டிபிகேட்."

"பள்ளிக்கூடத்தைக் கூட்டியிருக்கேன். உள்ள உட்கார்ந்ததில்லை." பொன்னுத்தாய் திரையை எட்டிப் பார்த்து, எண் நிரம்பிய கட்டங்கள் யாருடையவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். "இதுல ஆம்பிளைங்களுக்கெல்லாம் இருக்கே, அவனுகளுக்கு எவன் குடுத்தான்?"

மரகதவல்லி அந்தத் தேதிகளை நான்கு நாள் பிரித்து ஒட்டியவள். ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாளே தவிர, மொத்தமாகப் பார்த்ததில்லை. இப்போது மாதவாரியாக வரிசைப்படுத்தினாள். இருநூற்று எழுபத்தாறு பேரில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் ஜூன் மாதத்தின் முதல் பத்து நாட்களில் பிறந்திருந்தார்கள். பக்கத்துத் தாளைத் திறந்தாள்: ஆணையர், ஜூன் ஒன்று; தனகோடி, ஜூன் ஐந்து; மருத்துவ அலுவலர், ஜூன் இரண்டு. ஆலங்கரையின் தாய்மார்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு கோடை விடுமுறை முடிகிற வாரத்தில் பெற்றிருக்க வேண்டும், அல்லது, பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன் தேதி தெரியாமல் விழித்தபோது, ஐந்து வயது நிரம்பும்படியாகத் தலைமையாசிரியர் தன் பேனாவால் ஒரு பிரசவம் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பேனாவைத்தான் அரசாங்கம் ஆதாரம் என்று அழைத்தது. ஒன்பது வருடம் கற்காததை அவள் அந்த நிமிடத்தில் கற்றாள்.

"இவங்களுக்கெல்லாம் வாத்தியார் போட்டார்க்கா. உங்களுக்கு நான் போடறேன். எல்லாரையும் மேல கூப்பிடுங்க."

நாற்பத்தொரு பேரும் துடைப்பங்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இடமில்லாமல் படிக்கட்டு முழுவதும் நின்றார்கள். முதலில் பொன்னுத்தாய். "பெரிய வெள்ளம் வந்த வருஷம், ஆடிப் பதினெட்டு. எங்கம்மா ஆத்துக்குச் சோறு கட்டிக்கிட்டிருந்தா, சோத்தை இறக்கறதுக்குள்ள நான் இறங்கிட்டேனாம்." பழைய வெள்ள நிவாரணக் கோப்பிலிருந்து வருடத்தை எடுத்து, 3-8-1978 என்று மரகதவல்லி அடித்தாள். கணினி அதை மார்ச் எட்டாக மாற்றிக்கொண்டது. அவள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

"என்னாச்சு?" என்றாள் எஸ்தர், வரிசையில் இரண்டாவதாக நின்றவள்.

"மகளிர் தினம்கிறது."

"ஐயய்யோ, வேண்டவே வேண்டாம். அன்னைக்கு நம்மளைக் கூப்பிட்டுக் கோலப்போட்டி வெச்சு, அந்தக் கோலத்தையும் நம்மளையே கூட்டச் சொல்லுவானுக."

மாதத்தை எழுத்தில் அடித்தாள். ஆகஸ்டு மூன்று நின்றது, வயது நாற்பத்தேழு என்று வந்தது, அதே நொடியில் கீழே இருந்த நாற்பது கட்டங்களும் மேற்படி மேற்படி என்று சொல்லிக்கொண்டே ஆகஸ்டு மூன்றில் பிறந்தன. "ஒரே பிரசவத்துல நாப்பத்தொண்ணா? உங்கம்மா தாங்கினாளா பொன்னுத்தாய்?" என்று படிக்கட்டிலிருந்து யாரோ கேட்க, பெண்கள் சிரித்த சிரிப்பில் கிடங்கிலிருந்த பழைய பிளீச்சிங் தூள் மிதந்து எல்லோரும் இருமினார்கள்.

அந்த ஒரு தேதியோடு விட்டிருந்தாலும் வேலை முடிந்திருக்கும். எஸ்தர் ஒப்பவில்லை. "எனக்கு எந்த மேற்படியும் வேணாம். இவளுக்கு மேற்படியா நான் ஏன் பொறக்கணும்? நான் கிறிஸ்துமஸ் கழிஞ்ச மூணாம் நாள், நல்ல குளிர்ல." மரகதவல்லி நாற்பது கட்டங்களையும் ஒவ்வொன்றாக அழித்து ஒவ்வொன்றாக அடித்தாள். தேர் அச்சு முறிந்த சித்திரை. மில் மூடின மாதம். தம்பிக்கு இரண்டு வருடம் முந்தி, தம்பி பிறந்தது தெரியாது, செத்தது தெரியும். ஒருத்தி நாளைக்கே ஓய்வு பெறும்படி ஒரு தேதி கேட்டாள்; முட்டியைக் காட்டினாள், மரகதவல்லி முட்டியைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்தாள். ரெஜினா என்ற கடைக்குட்டி மட்டும் எதுவும் நினைவில்லை என்று அழுதாள். "உனக்குப் பிடிச்ச நாள் சொல்லு" என்றதும் அழுகையை நிறுத்தி நெடுநேரம் யோசித்து, மழை நாளாக ஒன்று வேண்டும், அன்றைக்குப் பெருக்கச் சொல்ல மாட்டார்கள் என்றாள். பொழுது சாய்வதற்குள் தாளில் காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை. அவள் சேமித்தாள். பெண்கள் அன்று மீதித் தெருக்களைப் பெருக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சாதாரண வெள்ளிக்கிழமையாக இருந்தது. இத்தனை மாதம் அனுப்பாமல் கிடந்து, இயக்குநரகம் நினைவூட்டிக் கேட்ட பட்டியலின் கடைசிப் பக்கத்தில், விரல் வைத்துக் காட்டப்பட்ட இடத்தில் தனகோடி கையெழுத்திட்டார், ஆணையர் மேலொப்பமிட்டார், இருவரும் படிக்கவில்லை, பட்டியல் இயக்குநரகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு தனகோடி தாளை எத்தனை முறை சேமித்தும் சும்மா நாள் வரவில்லை. இரண்டாம் வாரம் வாசற்கதவுச் சீட்டுகள் மழையில் ஊறின, பந்தி இலைகள் நாறின, ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராட்சி முன்னால் வந்து எங்கள் நாளைத் திருடியது யார் என்று கேட்டது. தேதிகளை ரத்து செய்யும்படி தனகோடி மேலே எழுதினார்; அலுவலர் இருவர் கையொப்பமிட்டு ஏற்கப்பட்ட பிறந்த தேதி தவறு என்பதற்கு ஆதாரம் இணைக்கவும் என்று பதில் வந்தது. ஆதாரம் எவரிடமும் இல்லை. நாற்பத்தொரு பெண்களின் பிறந்த நாட்கள் நிலைத்தன. முட்டி தேய்ந்தவள் மறு மாதம் ஓய்வு பெற்றாள். ஜெயராணி பத்தாம் வகுப்பில் தேறினாள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோது பொன்னுத்தாய்க்குப் பதிவேட்டில் ஏறிய வயதைவிடக் கூடுதலாக நூற்று அறுபத்திரண்டு நாளே ஆகியிருந்தது.

மரகதவல்லி, ஆதாரமற்ற பதிவுகள் செய்த குற்றத்துக்காக இயக்குநரகத்தின் பதில் வந்த மாதமே இருபத்தெட்டாம் தேதி வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். பொன்னுத்தாயும் எஸ்தரும் மனு கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அவள் அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. இப்போது அவள் வேறொரு ஊரில், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். திருமணம் செய்துகொள்ளவில்லை. பிளீச்சிங் தூளால் வந்த இருமல் போகவில்லை, குளிர்காலத்தில் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறப்பதில்லை. யார் வந்து தட்டினாலும் எழுந்திருக்காமல் பகல் முழுவதும் தூங்குகிறாள்.